வழி விட்டவர்

பின்னால் யாரோ பந்தை அடிக்கும் சத்தம் கேட்டது. சுத்தமான, ஒரே அடி. ஆனால் பந்து எங்கும் விழவில்லை.

ரோண்டா திரும்பிப் பார்த்தாள். கோல்ஃப் மைதானத்தின் ஏழாவது குழி, செங்குத்துப் பாறையின் விளிம்பை ஒட்டி இருந்தது. கீழே கடல் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மேய்ந்துகொண்டிருந்த கங்காருக்கள் எல்லாம் தலையை நிமிர்த்தி, அவளும் கணவர் கெல்வினும் வந்த வழியையே பார்த்து நின்றன.

"நம்ம ஆமை ஆட்டத்தைப் பார்த்து யாருக்கோ பொறுமை போயிடுச்சு," என்று சிரித்தார் கெல்வின். "வழி விட்டுடலாம்."

"யாருக்கு? ஒருத்தரையும் காணோமே கெல். வாசல்ல நம்ம வண்டி மட்டும்தானே நின்னுச்சு?"

"உள்ளூர்க்காரன் எவனாவது நடந்து வந்திருப்பான். அந்தப் புதருக்குப் பின்னாடி நிப்பான், பாரேன்." அவர் புல்வெளியின் ஓரத்துக்கு ஒதுங்கி, கையைத் தலைக்கு மேல் தூக்கினார். "வாங்க! நீங்க முன்னாடி போங்க!"

வாழ்நாள் முழுக்க விளையாடியவர். மெதுவாக ஆடுகிறவர்கள் ஒதுங்கி நின்று, பின்னால் வருகிறவர்களை முன்னால் போகச் சொல்ல வேண்டும். கூப்பிட்டுவிட்டால், அவர்கள் கடந்து போகும்வரை பந்தைத் தொடக் கூடாது. மற்ற விஷயங்களில் எப்படியோ, இதில் மட்டும் அவர் தவறியதே இல்லை.

இருவரும் ஒதுங்கி நின்றார்கள். யாரும் வரவில்லை. உப்புக் காற்றோடு, தைல மர வாசனையோடு, இன்னொன்றும் கலந்து வந்தது. ஈரக் காலணியைப் பைக்குள் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால் வருமே, அந்த நாற்றம். கடலிலிருந்து மூடுபனி பாறையில் ஏறிப் புல்லின் மேல் படர ஆரம்பித்தது.

"போதும் கெல், கிளம்பலாம். உன் மாத்திரை நேரம் வருது."

"கூப்பிட்டுட்டு நாமளே கிளம்பினா எப்படி? என்ன மரியாதை அது?"

"மரியாதையை நீயே வச்சுக்கோ. எனக்கு உன் நெஞ்சு முக்கியம்."

குளிர்காலத்தில் அந்த நெஞ்சு ஒருமுறை நின்று, மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. அதன் பிறகுதான் பெண்டிகோ ஊரில் இருந்த வீட்டை விற்று, அடுப்பும் படுக்கையும் உள்ள இந்த மோட்டார்ஹோம் வண்டியை வாங்கினார்கள். இனி இதுதான் வீடு. மகள் ட்ரேசிக்கு இது நிறைமாதம். "அப்பாவை முழுசா கொண்டுவந்து சேர்த்துடும்மா" என்று அவள் போனில் அழுதது, சாப்பிடும்போதும் தூங்கும்போதும் ரோண்டாவின் காதிலேயே இருந்தது.

கெல்வின் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வந்தார். வண்டியில் ஏறியதும், மட்டை பிடிக்கப் போட்டிருந்த ஈரக் கையுறையைக் கழற்றி, முன்கண்ணாடிக்குக் கீழே காயப் போட்டார்.

அந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. யார் ஏறினாலும் படிப்பக்கம் லேசாகச் சாய்ந்து நிமிரும். அடுப்பு முன் முதுகு காட்டி நின்றாலும், ஏறியது கெல்வின்தான் என்று அந்தச் சாய்விலேயே ரோண்டாவுக்குத் தெரிந்துவிடும். இப்போது அவர் ஏறியபோது சாய்ந்தது. அவள் ஏறியபோது சாய்ந்தது. கதவைச் சாத்தித் தாழிட்டு, இருவரும் இருக்கையில் உட்கார்ந்த பிறகு, இன்னொரு முறை சாய்ந்தது.

"காத்து," என்றார் கெல்வின்.

வெளியே ஒரு புல்கூட அசையவில்லை.

கடலோரச் சாலை வளைந்து வளைந்து போனது. இடப்பக்கம் வேலி, அதற்கப்பால் பள்ளம், பள்ளத்தில் பனி. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ரோண்டா மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். அடுத்த ஊரில் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி ஒன்று வாங்கலாம்.

"இவன் விடாம ஒட்டிக்கிட்டே வர்றான் பாரு," என்றார் கெல்வின், பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தபடி.

அவள் தன் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். வெறும் சாலை. பனி. வேலி.

"யாருமே இல்லையே."

"வழி விடணும், ரோண்டி."

"நிறுத்தாதே. ஊர் வர்ற வரைக்கும் நிறுத்தாதே கெல்."

"நான்தானே கூப்பிட்டேன்?"

குரல் அவருடையதுதான். ஆனால் தூக்கத்தில் பேசுவது போல இருந்தது. பாறை ஓரத்தில் சாலை அகலமாகும் இடத்தில் அவர் வண்டியை ஒதுக்கினார். எஞ்சினை அணைக்கவில்லை. இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து, இருக்கைகளுக்கு நடுவே புகுந்து, பின்னால் போனார்.

"எங்கே போறே? கெல்! மாத்திரை!"

"அவங்க போகட்டும். வந்துடறேன்."

தாழ் திறந்தது. வண்டி சாய்ந்து நிமிர்ந்தது. இறங்கிவிட்டார். கண்ணாடியில் தெரிந்தார். புதர் ஓரமாக ஒதுங்கி, கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றார்.

"வாங்க. நீங்க முன்னாடி போங்க."

வண்டி சாய்ந்தது.

அதிகமாகச் சாய்ந்தது. இழுப்பறையில் கரண்டிகள் உருண்டன. வண்டி நிமிரவே இல்லை.

அந்த நாற்றம்.

ஒரு காலடி. அடுப்பருகே. இன்னொன்று. அவள் முதுகுக்குப் பின்னால். இருக்கைகளுக்கு நடுவே ஏதோ குனிந்து நுழைந்தது. அவள் தோளில் ஈரம் உரசியது. ஓட்டுநர் இருக்கை முனகியபடி தாழ்ந்தது.

அவள் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

கண்ணாடியில் கெல்வின் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கை தூக்கியபடி.

மாத்திரை இருந்த உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

டிக் டிக் நின்றது. சக்கரத்தின் கீழ் சரளைக் கல் நொறுங்கியது. வண்டி நகர்ந்தது. கண்ணாடியில் கெல்வின் சிறிதானார். பனி அவர் இடுப்பு வரை ஏறியது. பிறகு மார்பு வரை. கடைசியில் கை மட்டும் தெரிந்தது.

"மாத்திரையைக் குடு, ரோண்டி."

அதே குரல்.

அவள் பக்கமாக ஒரு கை நீண்டது, உள்ளங்கையை விரித்து. கையில் கையுறை இருந்தது. விரல் நுனிகளிலிருந்து கடல் நீர் சொட்டியது.

கெல்வினின் கையுறை முன்கண்ணாடிக்குக் கீழே, காயப் போட்ட இடத்திலேயே கிடந்தது.