கரைவலையின் மறுமுனை

அலை பின்வாங்கும்போதெல்லாம் தொய்ந்து நிமிர வேண்டிய கரைவலைக் கயிறு, அன்று தொய்யவே இல்லை. கழுத்தில் மாட்டிய ட்ரோன் ரிமோட்டின் திரையில் தமிழ்மொழி அதைப் பார்த்தாள். பார்த்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டினச்சேரிக் கரையில் விடிந்தும் விடியாத நேரம். ஈரக் கயிற்றின் வாடை, இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு, தலைக்கு மேல் வண்டு போல ரீங்கரிக்கும் ட்ரோன். அவள் எடுத்த நல்ல வீடியோக்கள் எல்லாம் இந்தக் கரையில் எடுத்தவைதான். இன்றைக்கு வரிசையின் முதல் ஆள் அவள் புருஷன் ஜெயபிரகாஷ். பேங்க்கில் கிளார்க், வலை இழுத்தே பழக்கமில்லாதவன். பெண்டாட்டியின் வீடியோவுக்காக முழங்கால் தண்ணீரில் நின்றான்.

இழுப்பவர்கள் இடுப்பில் கட்டிய சிறு கயிற்றைப் பெரிய கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார்கள். உதறினால் கழன்றுவிடும். அவனுக்கு அது நழுவிக்கொண்டே இருந்தது.

"அசையாம நில்லுங்க. தொங்குது, பாக்க அசிங்கமா இருக்கு" என்று அவளே இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டிருந்தாள்.

"முடிச்சு போடாத பாப்பா, சுத்தி விட்டா போதும்" என்றார் வலைக்காரர் பஞ்சநாதன்.

"அஞ்சு நிமிஷம் மாமா. எடுத்ததும் அவுத்துடுறேன்."

ட்ரோனை அலை தாண்டிக் கொண்டுபோனாள். கலங்கல் அடங்கிய பச்சைத் தண்ணீருக்கு அடியில், கயிற்றின் இரண்டு பக்கமும் கறுப்பாக ஏதோ அசைந்தது. மீன் கூட்டமாக இருக்கும் என்று சந்தோஷமாகக் கீழே இறக்கினாள்.

தலைகள். முதுகுகள்.

கடலடியில் குதிகாலை ஊன்றி, பின்னால் சாய்ந்து, கயிற்றை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இடுப்பிலும் சிறு கயிறு இருந்தது.

கரையைப் பார்த்துக் கத்தினாள்: "கயித்த விடுங்க! மாமா, விடச் சொல்லுங்க!"

பாட்டுச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

கயிறு வெட்டி இழுத்தது. பஞ்சநாதன் முகம் குப்புற விழுந்தார். அவர் கை பிசகிய சத்தம் அவளுக்கே கேட்டது. உள்ளங்கைத் தோல் உரிய, ஆட்கள் இடுப்பை உதறிக் கழன்றார்கள். கழல முடியாதவன் ஒருவன்தான்.

"தமிழு! அறுடி! அறு!"

ஓடினாள். கத்தி இல்லை. முடிச்சைப் பல்லால் கடித்தாள். ஈரத்தில் இறுகிக் கல்லாகியிருந்தது. சிறு கயிறு அவன் வயிற்றுக்குள் இறங்க இறங்க, நுரை சிவந்தது. அவன் கையைப் பிடித்தாள். நழுவியது. மோதிரம் மட்டும் அவள் பிடியில் நின்றது.

போய்விட்டான்.

விடமாட்டேன் என்று கத்திக்கொண்டு பெரிய கயிற்றைப் பற்றினாள். அது உள்ளங்கையை அறுத்தது. மணலில் காலை ஊன்றி, அழுதுகொண்டே, அவனைக் கரையை நோக்கி இழுத்தாள். யாரும் கிட்டே வரவில்லை.

மார்பில் தொங்கிய திரையில் ட்ரோன் இன்னும் அதே இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் வரிசை நகர்ந்து, முன்னால் ஒரு ஆளுக்கு இடம் விட்டிருந்தது.

அங்கே ஜெயபிரகாஷ் நின்றான். கிழிந்த வயிற்றோடு, பின்னால் சாய்ந்து, குதிகாலை ஊன்றி, பலம் கொண்ட மட்டும் அவளை இழுத்தான்.