கொடியில் ஒரு காய்

செவ்வாய்க் கோளில் பொழுது விடிந்தால் பவுனம்மா முதலில் முகமூடியைத்தான் வழிப்பாள். இரவெல்லாம் அதில் கோத்து நின்ற மூச்சுநீர் ஒரு குவளை தேறும். முக்கால் பங்கு கொடிக்கு. மிச்சம் இரண்டு பேர் தொண்டைக்கு.

கண்ணாடிக் கூண்டு வீட்டோடு கொடுத்த அரை சென்ட் வெறும் பாறை. அவளும் புருஷன் காத்தவராயனும் அதைச் சுத்தியலால் இடித்து, நச்சு உப்பைக் கழுவி, கக்கூஸ் எருவைக் கலந்து, மண் என்று வாய்கூசாமல் சொல்லும்படி ஆக்கினார்கள். வண்டு இல்லாத ஊர். ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் அவளே தேய்த்தாள். ஒரே ஒரு வெண்பூசணி பிடித்தது.

குடியேற்றச் சட்டம் கறாரானது. இன்றைக்குள் கொடியில் காய் காட்டாத குடும்பம் பாதாளக் கொட்டடிக்கு இறங்க வேண்டும். கல்தூசி தின்ற காத்தவராயனின் நெஞ்சு அங்கே தாங்காது. முன்பு சிலர் பிளாஸ்டிக் காயைக் கட்டித் தொங்கவிட்டதால் மனிதச் சாட்சியும் செல்லாது. விளைவளவி என்னும் இயந்திரம் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

பழைய விளைவளவி எரிந்துபோய், பூமியிலிருந்து புதியது வந்திருந்தது. பொறியாளர் மாசிலாமணி அதை உருட்டிக்கொண்டு வந்தார். விசையில் வைத்த கையை எடுத்துவிட்டுக் கொடியைப் பார்த்தார்.

"யம்மா, அந்தக் காயக் குடு."

"எதுக்கு சார்?"

"பழைய மிஷினு ஏன் எரிஞ்சுது? திருஷ்டி கழிக்காம ஓட்டுனோம். உதிரிபாகப் பெட்டியில கற்பூரம் வச்சு அனுப்புனவன் பூசணிய விட்டுட்டான். இந்தக் கோளுலயே இருக்கிறது இது ஒண்ணுதான்."

"மொதல்ல அளந்துடுங்க. அப்புறம் ஒடைச்சுக்குங்க."

"ஓட்டாம எப்படிம்மா அளக்கிறது? கழிக்காம எப்படி ஓட்டுறது?"

பவுனம்மா கொடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். காத்தவராயன் இருமி முடித்துவிட்டுச் சொன்னான்:

"குடுத்துடு புள்ள. இதுவும் எரிஞ்சா அடுத்தது வர ரெண்டு வருசம் ஆவும். அதுவரைக்கும் நம்மள மேல விட்டுவைப்பாங்களா?"

பவுனம்மா கொடிப் பக்கம் திரும்பினாள். காம்பை அறுத்துக் காயை நீட்டினாள்.

மாசிலாமணி கற்பூரம் ஏற்றினார். பிராணவாயு குறைகிறது என்று கூண்டின் அபாய மணி அலறியது. யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்று சுற்றுச் சுற்றிக் காயைப் பாறையில் ஓங்கி அடித்தார். வெள்ளைச் சதை நாலாபக்கமும் தெறித்தது.

விசையைத் தட்டினார். விளைவளவி திக்காமல் திணறாமல் கண் திறந்தது. கொடியை இலை இலையாகத் தடவியது.

"தரையில் குப்பை. கொடியில் காய் இல்லை. குடும்பம் கீழே இறங்க வேண்டும்."

மாசிலாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியாம்மா, எவ்வளவு சுத்தமா ஓடுது!"