நாலு மணிக்கு வந்து கூட்டிப் போகவும்

பல் டாக்டர் ஆட்களைப் பல்லை வைத்துத்தான் எடை போடுவார். நாயை நடக்கக் கூட்டிப் போக ஆள் வேண்டும் என்று அவர் விளம்பரம் கொடுத்த வாரத்தில், பதினோராவது மாடியிலிருந்த வீட்டுக்கு மூன்று பேர் வந்து போனார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்ப்பவன் ஒருவன். தோள் கதவு அகலம், கடைவாய்ப் பல் இரண்டும் சொத்தை. தன் வாயையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் அடுத்தவன் நாயைப் பார்த்துக்கொள்வானா என்று அனுப்பிவிட்டார். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தி வந்தாள். அவர் கேட்டதைவிட அவள் கேட்ட கேள்விகள் அதிகம். மூன்றாவது ஆள் வாசலில் நின்று சிரித்தான். அந்தக் கறைப் பல்வரிசையைக் கண்டதுமே டாக்டர் கதவைச் சாத்திவிட்டார்.

"உலகத்துல ஒருத்தனுக்காவது ஒரு வேலை ஒழுங்கா தெரியுதா?" என்று அவர் கேட்டது நாயிடம். நாயின் பெயர் துரை, வயது ஒன்பது. தரையில் தாடையை வைத்துப் படுத்தபடி அது அவரை ஏற இறங்கப் பார்த்தது.

துரை அவர் மனைவியின் செல்லம். மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் வெளிநாடு கிளம்பியபோது, விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு அவள் சொன்னாள்: "தினமும் நாலு மணிக்கு அவனை வெளியே கூட்டிட்டுப் போகணும். அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் திரும்பி வரமாட்டேங்க." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முப்பது வருஷமாக அவளை மட்டம் தட்டியே பழகியவருக்கு, அவள் இல்லாவிட்டால் தன் பாடு திண்டாட்டம் என்று உள்ளூரத் தெரியும். அதற்காக ஒரு பல் டாக்டர் கையில் பாலிதீன் பையோடு நாய் பின்னால் அலைய முடியுமா? பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?

கடைசியில் மனைவியே ஒரு நம்பர் அனுப்பினாள். அந்தப் பகுதியின் பாதி நாய்களை நடத்திக் கூட்டிப் போகிற பெண்மணியாம். போனில் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். முதல் நாள் வீட்டுக்காரர் கூட இருக்க வேண்டும். அவர் கண் முன்னால் நாய் அவள் கையை மோந்து பார்க்க வேண்டும், அவர் கையாலேயே நாயின் கழுத்தில் மாட்டும் தோல் வாரை அவளிடம் கொடுக்க வேண்டும். அப்படி இல்லாமல் எந்த வீட்டு நாயையும் அவள் தொடுவதில்லை.

"யார் கையில கொடுக்கறோம்னு நீங்களும் பார்க்கணும், அதுவும் பார்க்கணும் டாக்டர். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றேன்," என்றாள்.

நாய்க்காரிக்கு இவ்வளவு பந்தாவா என்று டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே மூன்று மணிக்கு வெளியே கிளம்பிவிட்டார். அவள் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. மருந்துச் சீட்டுத் தாளில் கிறுக்கிக் கதவில் ஒட்டினார்: யாராக இருந்தாலும் சரி, நாலு மணிக்கு வந்து கூட்டிப் போகவும். சாவி செருப்பு அலமாரியில்.

ஆறு மணிக்குத் திரும்பியபோது கதவில் தாள் இல்லை. துரை களைத்துப்போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. வார் ஆணியில் தொங்கியது. பந்தாவெல்லாம் போனோடு சரி என்று டாக்டர் சிரித்துக்கொண்டார்.

அன்று முதல் அவர் கிளினிக்கில் இருக்கும் நேரத்தில் வேலை ஒழுங்காக நடந்தது. அவளிடம் போனில் பேசுவதுகூட அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஆணிக்குப் பக்கத்தில் சீட்டு எழுதி ஒட்டினார். காலில் சேறு, துடைத்த பிறகே உள்ளே விடவும். மறுநாள் துரையின் நாலு காலும் பளிச்சென்று இருந்தன. அடுத்த சீட்டு: என்னைப் பார்த்துக் குரைக்கிறது, அடக்கி வைக்கவும். அதற்குப் பிறகு துரை குரைக்கவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் இந்தக் காலத்தில் கிடைக்கிறதே என்று டாக்டருக்கு ஏகத் திருப்தி. சேறு எங்கிருந்து வந்தது என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

மூன்றாவது வாரம் மனைவி வீடியோவில் கூப்பிட்டாள். நாயைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. துரை இளைத்திருந்தது. அவள் எத்தனை முறை கூப்பிட்டும் திரும்பாமல் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்த அம்மா அவனை என்ன பண்றாங்கன்னு ஒரு நாள் இருந்து பாருங்க," என்றாள். "இல்லைன்னா நான் சொன்னது சொன்னதுதான்."

வியாழக்கிழமை மூன்றரைக்கே டாக்டர் வீட்டுக்கு வந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று படுக்கையறைக் கதவோரம் நின்றார். மூன்றே முக்காலுக்குத் துரை எழுந்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்தது. பட்டப்பகல். கூடம் முழுக்க வெயில் விழுந்து கிடந்தது.

நாலு மணி.

வெளியே இரண்டு சின்ன விசில்.

சாவி திரும்பியது. கதவு கையகலம் திறந்தது. நாள்கணக்கில் மூடிவைத்த ஈரத்துணியின் நாற்றம் குப்பென்று உள்ளே வந்தது.

ஆணியில் இருந்த வார் தானாகக் கீழே இறங்கியது.

துரை கழுத்தை நீட்டிக் கொடுத்தது.

"ஏம்மா, யாரது? நில்லு," என்றார் டாக்டர். குரல் அவர் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. வெளியே ஓடினார். வார் விறைப்பாக முன்னால் நீண்டிருந்தது. அதன் மறுமுனை நடைவழித் திருப்பத்துக்கு அப்பால் இருந்தது. துரையும் அந்தப் பக்கம் திரும்பி மறைந்தது. டாக்டர் திருப்பத்துக்குப் போய்ப் பார்த்தார்.

அந்தப் பக்கம் படியும் கிடையாது, லிஃப்ட்டும் கிடையாது.

வெறும் சுவர். சுவரடியில் கொஞ்சம் ஈரச்சேறு.

கீழே ஓடி வாட்ச்மேனிடம் கேட்டார். "துரையா? அம்மா போனதிலேருந்து அவனைக் கீழே பார்க்கவே இல்லையே சார்," என்றார் வாட்ச்மேன். டாக்டர் அந்தப் பெண்மணிக்குப் போன் போட்டார்.

"அன்னிக்கே வந்தேனே டாக்டர்," என்றாள் அவள். "கதவில எந்தத் தாளும் இல்லை. பெல் அடிச்சேன். ஆள் கிடைச்சாச்சு, மன்னிச்சுக்குங்கன்னு உள்ளேருந்து நீங்கதான் சொன்னீங்க. ரொம்பத் தன்மையா பேசினீங்க. போன்ல பேசினவர்தானான்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு."

அரைமணியில் அவள் வந்துவிட்டாள். அதற்குள் வார் ஆணியில் தொங்கியது, துரை துடைத்த கால்களோடு கூடத்தில் படுத்திருந்தது. அவள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே மண்டியிட்டுக் கையை நீட்டிக் காத்திருந்தாள். துரை முதலில் ஆணிப் பக்கம் பார்த்தது. பிறகு மெல்ல வந்து அந்தக் கையை மோந்து, உடம்பு முழுக்க நடுங்கியது. அவள் தான் கொண்டுவந்த வாரை மாட்டி, அதன் நுனியை டாக்டரிடம் தந்து, அவர் கையாலேயே திரும்ப வாங்கிக்கொண்டாள். அவள் பல்லைப் பார்க்க டாக்டருக்கு மறந்தே போனது.

"இவன் எங்க வீட்ல இருக்கட்டும். யாரா இருந்தாலும் வரலாம்னு கூப்பிட்டது நீங்க. இனி வேண்டாம்னும் நீங்கதான் சொல்லணும். மரியாதையா சொல்லிடுங்க," என்றாள்.

நாய் பத்திரம், மனைவி திரும்பி வருவாள் என்று தோன்றியதுமே டாக்டருக்குப் பழைய திமிர் வந்துவிட்டது. காற்றுக்கு மரியாதை கொடுக்கச் சொல்கிறாளே இவள்! தன் வீட்டில் தனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் வீம்புக்கென்றே வீட்டில் இருந்தார். பழைய வாரைச் சுருட்டிக் குப்பையில் போட்டார். நாயும் இல்லை, வாரும் இல்லை. வந்து என்னத்தைக் கூட்டிப் போவதாம்?

நாலு மணிக்கு இரண்டு சின்ன விசில் கேட்டது.

அவர் முழங்கால்கள் தாமாக மடங்கின.

நினைவு திரும்பியபோது மணி ஆறு. கூடத்துத் தரையில் கிடந்தார். நாக்கு வறண்டு மூச்சு வாங்கியது. கழுத்தைச் சுற்றி எரிந்தது. உள்ளங்கால்கள் பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தன.

உள்ளங்கைகளும்.

முகத்துக்கு நேரே துரையின் கிண்ணம், நிறையத் தண்ணீரோடு. வார் ஆணியில் தொங்கியது. பக்கத்தில் அவருடைய மருந்துச் சீட்டுத் தாளில், அவருக்குத் தெரியாத கையெழுத்தில் ஒரு வரி: முதல் நாள் என்பதால் இழுக்கிறான். பழகிவிடுவான்.

அன்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓட்டல் அறைக்கு ஓடினார். மறுநாள் கிளினிக்கில் பாதி வேலை நடந்துகொண்டிருக்கும்போது, நோயாளி வாயைத் திறந்தபடி கிடக்க, டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். திரும்பி, கதவைப் பார்த்து உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால்.

"யாரைப் பார்க்கறீங்க டாக்டர்?" என்றாள் நர்ஸ். ஆறு வருஷமாகக் கூடவே வேலை பார்ப்பவள். அவளைக் கூப்பிட நினைத்தார், பெயர் தெரியவில்லை. நிமிஷ முள் மெல்ல மேலே ஏறியது. வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை, மரியாதையாகச் சொன்னால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். அடக்கி வைத்த தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை.

கதவுக்கு வெளியே, ஆட்கள் காத்திருக்கும் கூடத்திலிருந்து, இரண்டு சின்ன விசில்.