இடது பக்கம் கொஞ்சம் தூக்கி

வழக்கமான சத்தத்தில் ஒன்று குறைந்தது.

குட்டையன் நகரும்போது முதலில் முன்னங்கால் நகங்கள் டக் டக்கென்று தரையில் விழும். பிறகு மரத்துப்போன பின்பாதி சர்ரென்று இழுபடும். நாலு மாதமாக அந்தக் குட்டைக்கால் கார்கி ஜாதி நாயோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அது மனப்பாடம். இன்று, மழை பிடித்துக்கொண்டு மதியம் மூன்று மணிக்கே வீடு இருட்டிவிட்ட நேரத்தில், சாத்திய கதவுக்கு அப்பால் நடைவழியில் இழுபடும் சத்தம் மட்டும் வந்தது. நகச் சத்தம் இல்லை. அவள் மோட்டார் வைத்த தையல் மெஷினின் பெடலை இன்னும் கொஞ்சம் அழுத்தி, திரைச்சீலையின் ஓரத்தை ஓடவிட்டாள்.

இழுபடுகிறவர்களைத் தூக்குவதே அவளுக்கு வாய்த்த பிழைப்பு. முதலில் மாமியார். பக்கவாதத்தில் இடது கால் விழுந்துபோன கிழவியை, இடுப்புக்குத் துண்டு கொடுத்துத் தூக்கித் தூக்கி இரண்டு வருடம் நடக்கவைத்தாள். "இடது பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா" என்று அடிக்கு ஒரு தரம் சொல்வாள் கிழவி. கிழவி போய்ச் சேர்ந்த பிறகு, அவள் செல்லம் கொடுத்து வளர்த்த நாய்க்கும் இடுப்பு விழுந்தது. அதே துண்டு. வேளாவேளைக்கு வயிற்றை அமுக்கி மூத்திரம் எடுக்கவேண்டும், உரசி உரசிப் புண்ணான பாதத்துக்கு மருந்து போடவேண்டும். வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் கணவன் போனில் உருகுவான். "அம்மா நெனப்புக்கு அது ஒண்ணுதான் இருக்கு. நல்லா பாத்துக்கோ." பெற்றவளை ஒருநாள் கைதூக்கி விடாதவனுக்கு நாய்மேல் மட்டும் பாசம் பொத்துக்கொண்டு வந்ததில் அவளுக்கு வயிறு எரிந்தது.

அதனால்தான் அவனிடம் மூச்சுவிடாமல் கால்நடை டாக்டரை இன்று வரச் சொல்லியிருந்தாள். ஊசி போட்டு முடித்துவிட. "முன்பக்கம் தெம்பாதான்மா இருக்கு. நல்லா யோசிச்சுக்கோங்க" என்றிருந்தார் அவர். யோசித்தாயிற்று. புண்ணும் மூத்திரமும் அவளுக்குப் பெரிதில்லை. அது பார்க்கிற பார்வைதான் பொறுக்கவில்லை.

அதற்குத் தெரியும். போன வருடம் இதேபோல ஒரு மதியம் கிழவி கட்டிலிலிருந்து விழுந்து, கையை ஊன்றி ஊன்றி இந்தக் கதவை நோக்கி இழுத்துக்கொண்டு வந்தாள். அப்போது நாலு காலும் நன்றாயிருந்த குட்டையன் உள்ளே ஓடிவந்து இவள் உடையைக் கடித்து இழுத்தது. இவள் அதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். இன்னும் ஒரு தரம் தூக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். நாய் கதவைப் பிறாண்டியது. கிழவி கூப்பிட்டது கேட்டது. கேட்காதபடி பெடலை அழுத்தித் தைத்தாள். திரை முடிந்து கதவைத் திறந்தபோது கிழவியின் சில்லிட்ட கை உள்ளே சரிந்தது. "மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க" என்று எல்லோரிடமும் வாய் கூசாமல் சொன்னாள்.

கரண்ட் போனது.

மெஷின் நின்றது. வெளியே இழுபடும் சத்தம் ஒரு மூச்சு கழித்து நின்றது. மழை மட்டும் பெய்தது. கிழவிக்குத் தேய்த்த தைலத்தின் நெடி, என்றோ தீர்ந்துபோன தைலம், கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. காலில் ஏதோ சூடாக உரசியது. குனிந்து பார்த்தாள். மேஜைக்கு அடியில், இடுப்பில் துண்டோடு, குட்டையன் படுத்திருந்தது. இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது. பெரிய காதுகள் இரண்டும் கதவைப் பார்த்து நிமிர்ந்திருந்தன.

சர்ர்.

நின்றது.

சர்ர். கதவுக்குப் பக்கத்தில்.

"குட்டையா, போகாதடா. இங்கயே இரு." இத்தனை மாதத்தில் அவள் அதைக் கெஞ்சியது இதுதான் முதல் தடவை.

கதவு திறந்தது. குட்டையன் இடுப்பிலிருந்த துண்டின் இரண்டு முனைகளும் தாமாக எழும்பின. விறைத்து நின்றன. பின்பாதி மேலே வந்தது. இடது பக்கம் கொஞ்சம் உயரமாக. குட்டையன் டக் டக்கென்று நடந்து வெளியே போனது. அதன் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

அவள் எழப் பார்த்தாள். முடியவில்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. நாற்காலியோடு சரிந்தாள். முழங்கையை ஊன்றினாள். இழுத்தாள்.

சர்ர்.

ஜன்னலுக்கு வெளியே டாக்டரின் குரல். "அம்மா, வந்துட்டேன். கதவைத் திறங்க."

கத்த வாயைத் திறந்தாள். மெஷின் ஓடத் தொடங்கியது.

கரண்ட் இல்லை. விளக்கு இல்லை. ஓடியது. காது கிழிய ஓடியது.

"அம்மா... வேலையா இருக்கீங்க போல!" டாக்டர் சத்தமாகச் சொன்னார். "மனசு மாறிடுச்சுன்னா சந்தோஷம்தான். பாவம், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். நான் கிளம்பறேன்."

கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கதவின் கீழ் இடுக்கில் இரண்டு முன்னங்கால்கள் விடாமல் பிறாண்டுவது தெரிந்தது. அன்று கிழவிக்காக. இன்று இவளுக்காக.

தலையைத் திருப்பினாள். மேஜைக்கு அடியில், அவள் கண்மட்டத்தில், பெடல். அதன்மேல் ஒரு கால். கிழவியைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்த அன்று அவள் தன் கையால் மாட்டிவிட்ட சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை.

இடது கால். நிதானமாக அழுத்திக்கொண்டிருந்தது.