பெயரில்லாத வரி

நேற்று 588 காட்டிய காலி நினைவகம் இன்று 581 ஆகியிருந்தது. இடையில் கணினியை யாரும் தொடவில்லை. வீட்டில் அவளைத் தவிர ஆளே இல்லை.

எட்டு மாதத்துக்கு முன் இறந்துபோன கணவரின் பழைய கணினி அது. உள்ளே ஏதோ கரகரவென்று தேய, சூடேறிய தூசியின் வாடை அறை முழுக்கப் பரவ, இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. மகளுக்காக அவர் பேசிவைத்த குரல் அதற்குள்தான் இருந்தது, 'வாண்டு' என்ற பெயரில். மகளை அவர் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. மகள் இன்று ஆறு மணிக்கு வருகிறாள். குரலைத் திறக்க, மொத்தமுள்ள 640-இல் 600 காலியாக வேண்டும்.

"அடுப்பு மேடை மாதிரிதான் அண்ணி," கைபேசியில் கொழுந்தன் சிரித்தான். "சாமானை எடுத்தாத்தான் வேலை பாக்க இடம் கிடைக்கும். உங்களுக்குத் தெரியாததா? ஆன் பண்ணும்போது நினைவகத்துல ஏறுற பட்டியல்ல, வேண்டாத வரியை அழிச்சிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க."

"பட்டியல்ல பேரே இல்லாம ஒண்ணு இருக்கே தம்பி. நேத்தைவிடப் பெருசா இருக்கு."

"அதைத் தொடாதீங்க. மத்ததைப் பாருங்க."

மவுஸின் வரியை அழித்து, மறுபடி ஆன் செய்தாள். 593. புரியாத இன்னொரு வரியை அழித்தாள். 604.

'வாண்டு'வைத் திறந்தாள். குரல் வந்தது. அவர் குரலேதான். "பாப்பா... நல்லா இருக்கியா பாப்பா?"

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கைபேசியில் கொழுந்தன் குறுக்கிட்டான். "அண்ணி, கடைசியா எந்த வரியை அழிச்சீங்க?"

எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

"அது சவுண்டு கார்டோட வரி. அது இல்லாம அதுல பேச்சே வராது." அவன் குரல் தாழ்ந்தது. "பக்கத்துல யாரு பேசுறது?"

ஸ்பீக்கரில் காதை வைத்தாள். நிசப்தம். பேச்சு படுக்கையறையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"பாப்பா வந்தாச்சா?"

பாப்பா. அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

திரையில் பட்டியல் தானாக வந்து நின்றது. பெயரில்லாத வரியைக் காணோம். எந்த வரியையும் காணோம். காலி: 640. முழுசும் காலி.

அழைப்பு மணி.

"அம்மா! சீக்கிரம் திறம்மா, கை நிறையப் பை!"

ஓடிடுடீ என்று கத்தினாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"இதோ வரேன் பாப்பா," என்றது படுக்கையறை. அவளுடைய குரலில்.

நாற்காலியிலிருந்து எழ முடியாமல் பார்த்தாள். வாசல் கதவின் தாழ்ப்பாள், தொடுவார் இல்லாமல், மெல்ல மெல்ல விலகிக்கொண்டிருந்தது.