பாப்பம்மாவின் பெருவிரல்

கெலிஓயாவில் மஹ்ரூபின் வீட்டுக் கதிரையில் அமர்ந்ததும் தர்ஷிகா பையிலிருந்த கடதாசிகளை மேசையில் கொட்டினாள். மார்பில் கட்டி என்று அவள் அம்மா பாப்பம்மா, பன்வில பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் மருந்துச்சாலையில் காட்டியிருந்தார். எட்டு மாதம் கழித்துத்தான் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புற்றுநோய் ஈரல்வரை பரவியிருந்தது. மூன்றாம் வாரம் ஆள் இல்லை.

“ஏன் அனுப்பலன்னு மருந்துச்சாலையில கேட்டா, கண்டிக்குப் போக மாட்டேன்னு அம்மாவே கைநாட்டு வச்சாங்கன்னு இந்த நகலைக் குடுத்தாங்க, சேர். அப்பா நம்பிட்டாரு. கோவத்துல அம்மா படத்தையே சுவத்துல இருந்து கழட்டிட்டாரு. அம்மா அப்படிச் செஞ்சாங்களா, இல்லையா? அது எனக்குத் தெரியணும்.”

மஹ்ரூப் பொலிஸில் முப்பது வருடம் கைரேகை பார்த்து ஓய்வுபெற்றவர். நகலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பாப்பம்மா வெவ்வேறு வருடங்களில் கைநாட்டு வைத்த மூன்று தொழிற்சங்கப் பத்திரங்களையும் பார்த்தார்.

“இந்த மூணு பத்திரமும் வெறும் மைத் திட்டு வாப்பா. ஒப்பிட ஒரு கோடுகூட இல்ல,” என்றாள் மகள் ஜஹானா. சட்டம் படிக்கும் அவளுக்கு எதிலும் அவசரம்.

“அதுதான் மகள் விஷயமே. தர்ஷிகா, உம்மா என்ன வேலை செஞ்சாங்க?”

“கொழுந்து பறிச்சாங்க, சேர். முப்பத்தோரு வருஷம்.”

மறுநாள் மருந்துச்சாலையில் தர்ஷிகாவின் அப்பா கறுப்பையாவும் வந்து நின்றார். நகலைக் கொடுத்த மருத்துவ உதவியாளர் பொன்னுத்துரை அலட்டிக்கொள்ளவில்லை. “அவ தானே வந்து கைநாட்டு வச்சவ. நான் என்ன செய்யிறது?”

ஜஹானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மஹ்ரூப் குரலை உயர்த்தவில்லை.

“முப்பத்தோரு வருஷம் கொழுந்து கிள்ளின விரல்ல ரேகை தேஞ்சு போயிருக்கும். அவங்கட மூணு பத்திரத்திலயும் மை மட்டும்தான். நீங்க குடுத்த கடதாசில ஒவ்வொரு கோடும் துப்புரவா விழுந்திருக்கு. இது கொழுந்து கிள்ளாத விரல். உங்கட பெருவிரலை இந்த மையில வைங்க, பார்ப்போம்.”

பொன்னுத்துரை பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

“கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் துண்டு எழுதினனான். அந்தக் கிழமை நோயாளியளை ஏத்திற தோட்டத்து வேன், மனேஜர் துரையின்ட விருந்தாளியளோட போயிட்டுது. பிறகு... மறந்துபோனன். செத்தாப்பிறகு விசாரணை வருமெண்டு பயந்து இதில என்ட விரலையே வச்சனான்.”

மறந்துபோனாராம். துரை வீட்டு நாய்க்குக் காய்ச்சல் என்றால் யாராவது மறப்பார்களா? மேசையை அப்படியே கவிழ்த்துவிட வேண்டும்போல் இருந்தது ஜஹானாவுக்கு.

கறுப்பையா மேசைக்கு வந்தார். இத்தனை காலமும் ஐயா என்று அழைத்தவரை இன்று அப்படி அழைக்கவில்லை.

“எழுது. பாப்பம்மா வரமாட்டேன்னு சொல்லலைன்னு எழுது. உன் கைநாட்டையும் வை. அவ படத்தை மாட்டுறப்ப அதையும் பக்கத்துல மாட்டணும்.”