மூன்றாம் ஓலை

பதிவேட்டின் பக்கத்தைப் புரட்டியபோது ஆசீர்வாதத்தின் விரலில் மை ஒட்டியது.

விரலைப் பார்த்தான். பிறகு பக்கத்தைப் பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழில், அவன் கல்யாணத்தன்று ஹில்டா போட்ட கையெழுத்து அது. அன்று அவள் சுட்டுவிரலில் மை வழிந்துவிட்டது. யாரும் பார்க்காதபோது அதை அவனுடைய வெள்ளைக் கோட்டின் கைப்பட்டியில் துடைத்துவிட்டுச் சிரித்தாள்.

கடல் காற்றுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டான். ராயபுரத்தில் உப்பே ஈரமாகத்தான் கிடக்கும்.

தேவாலயத்தில் பீடத்துக்குப் பின்னாலிருந்த அந்த அறையில் எண்பது வருஷத்துத் திருமணப் பதிவேடுகள் ராமபாணப் பூச்சி அரித்துக் கிடந்தன. மாலுமிகள், சார்ஜென்டுகள், அவர்களைக் கட்டிக்கொண்ட நாளில் புதுப்பெயர் வாங்கிய பெண்கள். எல்லாவற்றையும் நகல் எடுப்பது பள்ளி வாத்தியாரான அவன் வேலை. அடக்கப் பதிவேடும் அவன் பொறுப்புதான்.

வாசலில் பெருக்கும் விளக்குமாற்றின் சத்தம் நின்றது.

"இன்னா வாத்யாரே, நாளிக்கு மூணாவது ஓலை. மாப்ளே கையெல்லாம் மையி. சந்தனத்த எங்க பூசறது, மூஞ்சிலயா?" என்றாள் கோயில் பெருக்கும் பூவம்மா.

"வேலை இருக்கு பூவம்மா."

"இருக்கட்டும். உள்ள ஒரே கலீஜ் வாடை. எலி கிலி செத்துகீதா பாரு."

அவள் போனாள். அவனுக்கு எலி வாடை தெரியவில்லை. தோண்டிய மண்ணின் வாடை தெரிந்தது.

அவனுக்கும் வண்ணாரப்பேட்டைக் கருப்பட்டி மண்டிக்காரர் மகள் ஜெயக்கொடிக்கும் கல்யாணம் என்று இரண்டு ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசித்தாயிற்று. தடை இருந்தால் சொல்லலாம் என்று இரண்டு முறையும் பாதிரியார் வெள்ளத்துரை ஐயர் கேட்டார். யாரோ இருமினார்கள், அவ்வளவுதான். வீட்டுக்குள் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தம் கேட்க வேண்டும். அதற்காகத்தான் ஆசீர்வாதம் சம்மதித்தான்.

"பொண்ணு வீட்டுல முதல் சம்சாரத்தோட அடக்கச் சீட்டு கேக்காவ தம்பி," என்று காலையில் ஐயர் சொல்லியிருந்தார். "நாளைக்குக் கொண்டாந்துரு. இல்லன்னா ஓலைய வாசிக்க மாட்டேன்."

அடக்கப் பதிவேட்டைத் திறந்தான். விஷக்காய்ச்சல் வந்த போன வருஷத்து அக்டோபர். ஒரே நாளில் பத்தொன்பது அடக்கம். பதினெட்டுப் பெயர்கள் அவன் கையெழுத்தில் இருந்தன. நடுவில் ஒரு வரி வெறுமையாக இருந்தது. குழியில் மண் போட்டுவிட்டு வந்த கையால் அந்தப் பெயரை எழுத முடியாமல், சாயங்காலம் எழுதலாம் என்று விட்ட வரி. அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை.

கோயில் கணக்கில் ஹில்டா சாகவில்லை.

பேனாவைத் தோய்த்தான். 'ஹில்டா, ஆசீர்வாதத்தின் மனைவி, வயது இருபத்தொன்று' என்று எழுதினான். ஜன்னலுக்கு வெளியே நிலக்கரி வண்டி ஒன்று துறைமுகத்துப் பக்கம் முக்கிக்கொண்டு போனது. அது ஓயும் முன்பே எழுத்துகள் வெளிறின. வெளிறி, மங்கி, தாளுக்குள் இறங்கிப்போயின.

மறுபடி எழுதினான். போயிற்று.

அழுத்தி எழுதினான். தாள் கிழிந்தது. மை இல்லை.

பக்கத்தில் கல்யாணப் பதிவேடு திறந்தே கிடந்தது. அதில் அவள் கையெழுத்து முன்பைவிடக் கறுத்திருந்தது. தடித்திருந்தது. ஈரமாக மினுங்கியது.

இரண்டையும் மூடினான். தனித்தாளில் சீட்டு எழுதினான். 'பதிவேட்டில் கண்டபடி' என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டான். அந்தப் பொய் மட்டும் அழியவில்லை.

ஞாயிறு காலை. நல்ல வெயில். அதே வெள்ளைக் கோட்டு. ஐயர் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவருக்குப் பார்வை மட்டு. ஓலையை வாசித்தார்.

"மூன்றாவதும் கடைசியுமான முறை. இதற்குத் தடை அறிந்தவர் யாராவது இருந்தால் இப்பொழுதே சொல்லக்கடவர்."

யாரும் இருமவில்லை.

பின்னால், பெண்கள் பக்கம், பாய் சரசரத்தது. யாரோ எழுந்திருக்கிறார்கள். மெதுவாக. வெகுநாள் படுத்திருந்தவர்கள் எழுந்திருப்பது போல.

வாசலில் பூவம்மாவின் குரல். "ஐயோ, மண்ணு. ஒடம்பெல்லாம் மண்ணு."

மண் வாடை வந்தது.

ஐயர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரும்மா அது? கையத் தூக்கினது போதும். முன்னால வாங்க."

பாய் பாயாகப் பெண்கள் புடவையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். ஈரக்கால் தரையில் பதிந்தது. எழும்பியது. பதிந்தது.

ஆசீர்வாதம் திரும்பவில்லை. கீழே பார்த்தான்.

பக்கவாட்டிலிருந்து ஒரு கை நீண்டது. நகக்கண்ணெல்லாம் மண். சுட்டுவிரலில் மட்டும் மை. அது அவன் கோட்டின் கைப்பட்டியைத் தேடிப் பிடித்து, நிதானமாக, விரலைத் துடைத்தது.